மூணாவது ஆளுக்கும் ஒரு கட்டில்

நீளமான த்ரெட். வீட்டில் வயசானவங்க இருக்கிறவங்களும், அவங்களைக் கோயில் குளம்னு கூட்டிட்டுப் போகிற யோசனையில் இருக்கிறவங்களும் பொறுமையா படிங்க.

1/
எந்த ஹோட்டல் ஆப்பைத் திறந்தாலும் முதல் கட்டத்தை அதுவே நிரப்பி வச்சிருக்கும்: "அறை 1, பெரியவர்கள் 2". கிரெடிட் கார்டில் சேர்ந்த பாயிண்ட்ஸோ, அடிக்கடி தங்கினதால் கிடைச்ச பாயிண்ட்ஸோ, எதைக் கொடுத்து அறை எடுத்தாலும் கணக்கு பெரும்பாலும் அந்த ரெண்டு பேருக்குத்தான். ஆனா நம்ம நிறைய வீடுகளில் ஆள் கணக்கு ரெண்டோட முடியறதில்லை. அப்பா, அம்மா, கூடவே ஒரு பாட்டியோ அத்தையோ சித்தியோ இருப்பாங்க. அந்த மூணாவது ஆளைப் பத்தித்தான் இந்த த்ரெட்.

2/
என் சொந்த ஊர் தொட்டியம். காவிரிக்கு வடகரை, வாழையும் வெற்றிலையும் விளையற ஊர். அப்பாவுக்கு 78 வயசு, அத்தைக்கு 75, அம்மாவுக்கு 71. போன மார்கழியில் மூணு பேருக்கும் ஸ்ரீரங்கம் போகணும்னு ஆசை. வைகுண்ட ஏகாதசி அன்னைக்கே வேண்டாம்னு நான் கண்டிப்பா சொல்லிட்டேன். அந்தக் கூட்டத்தில் அப்பாவால் மணிக்கணக்கா நிற்க முடியாது. அதுக்கப்புறம் இராப்பத்து நாட்கள் இருக்கே, அதில் ஒரு நாள் போகலாம்னு முடிவாச்சு.

3/
"காலையில போயிட்டு ராத்திரி திரும்பிடலாம், எதுக்கு ரூமு?" இது அப்பாவோட கட்சி. தொட்டியத்திலிருந்து முசிறி, குணசீலம் வழியா திருச்சி வர ஒன்றரை மணி நேரம் ஆகும். ஸ்ரீரங்கம் கோயில் 156 ஏக்கர், ஏழு பிராகாரம். சர்க்கரை மாத்திரை போடற ஒருத்தர், முட்டி தேய்ஞ்ச ஒருத்தர், 75 வயசு அத்தை. ஒரே நாளில் போக வர பயணம், நடை, வரிசை எல்லாம் சேர்ந்தா மறுநாள் மூணு பேரும் என்கிட்டதான் வரணும். அதனால ஒரு ராத்திரி தங்கறது என் மருந்துச் சீட்டில் எழுதின மாதிரி. எனக்கு டியூட்டி, நான் கூடப் போக முடியாது. கையில் பாயிண்ட்ஸ் இருந்தது.

4/
அத்தையைப் பத்தி ரெண்டு வரி. அப்பாவோட கூடப் பிறந்தவங்க. சின்ன வயசிலேயே மாமா தவறிட்டார். அப்புறம் எங்க வீட்டோடதான். அம்மா தோட்டத்து வேலைக்குப் போன நாட்களில் எனக்குச் சோறு ஊட்டினதும், பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினதும் அவங்கதான். வீட்டில் கட்டில் வந்த பிறகும் கூடத்தில் பாயில்தான் படுப்பாங்க. எங்கே போனாலும் ஒரே வசனம்: "எனக்கு எதுக்கு சாமி தனியா? ஒரு ஓரமா படுத்துக்கறேன்."

ஹோட்டல் பாஷையில் இவங்க பேரு "எக்ஸ்ட்ரா பெர்சன்".

5/
ஒரு சுவாரசியமான வரலாறு. 1951-ல் கெம்மன்ஸ் வில்சன்னு ஒரு அமெரிக்கர், மனைவி, அஞ்சு பிள்ளைங்களோட வாஷிங்டனுக்குக் காரில் சுற்றுலா போனார். வழியில் தங்கின விடுதிகளில் பிள்ளைகளுக்குத் தலைக்கு இவ்வளவுன்னு கூடுதல் காசு வாங்கினாங்க. கடுப்பாகி ஊர் திரும்பி, 1952-ல் மெம்பிஸ் நகரத்தில் தானே ஒரு விடுதி கட்டினார். பெற்றோரோட தங்கற பிள்ளைகளுக்குக் காசு கிடையாது. அதுதான் ஹாலிடே இன். 1983-ல் பாயிண்ட்ஸ் திட்டத்தை முதலில் கொண்டு வந்த ஹோட்டல்களில் ஹாலிடே இன்னும் ஒண்ணு. அதே வருஷம் மாரியட்டும் தொடங்கினாங்க.

அன்னைக்கு வில்சன் பிள்ளைகளுக்காகச் சண்டை போட்டார். அத்தைகளுக்காகச் சண்டை போட இன்னும் யாரும் வரலை.

6/
இப்ப நடைமுறைக்கு வருவோம். பாயிண்ட்ஸில் அறை எடுக்கும்போது பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்:

• பாயிண்ட்ஸ் வாங்கித் தர்றது சாதாரண அறை, ரெண்டு பெரியவங்களுக்கானது. மூணாவது ஆளுக்கான கட்டணமும் எக்ஸ்ட்ரா பெட்டும் தனி. அதைக் காசாத்தான் கட்டணும்.
• மெம்பர்ஷிப் அந்தஸ்தால் கிடைக்கிற இலவச காலை உணவு, கிடைக்கிற இடங்களிலும், பொதுவா மெம்பருக்கும் கூட ஒருத்தருக்கும்தான்.
• மெம்பர் தங்காம வேற ஒருத்தருக்காக எடுத்தா, தங்கப் போறவங்க பேரை முன்கூட்டியே சேர்க்கணும். இல்லைன்னா ரிசப்ஷனில் வயசானவங்க திண்டாடுவாங்க.
• திருவிழா நாட்களில் அறை வாடகை ஏறுற மாதிரி பாயிண்ட்ஸ் விலையும் ஏறும். நிறைய திட்டங்களில் இப்ப நிலையான விலைப்பட்டியலே இல்லை.

7/
தேடும்போதே "3"ன்னு போட்டுத் தேடுங்க. சில சமயம் "அறை இல்லை"ன்னு காட்டும். பயப்படாதீங்க. ஹோட்டலே நிரம்பிடுச்சுன்னு அர்த்தம் இல்லை. பாயிண்ட்ஸுக்குக் கொடுக்கிற அந்த வகை அறையில் மூணு பேருக்கு அனுமதி இல்லைன்னும் இருக்கலாம். அங்கே ஆப்பை மூடிட்டு போனை எடுக்கணும். கம்ப்யூட்டர் "முடியாது"ங்கிறதை ஹோட்டல் முன்மேசையில் இருக்கிற ஒரு தம்பி "முடியும் சார்"னு சொல்றது நம்ம ஊரில் சகஜம்.

8/
கணக்கு பார்ப்போம். உதாரணத்துக்குச் சொல்றேன். அறை வாடகை 5,000 ரூபாய். 7,500 ரூபாய் வரைக்குமான அறைக்கு 2025 செப்டம்பர் 22-லிருந்து ஜிஎஸ்டி 5%. ஆக மொத்தம் 5,250. அதே அறைக்கு 8,750 பாயிண்ட்ஸ் கேட்டா, ஒரு பாயிண்ட்டுக்கு 60 பைசா மதிப்பு. மூணாவது ஆளுக்கான கட்டில் வரியோட 1,260ன்னு வச்சுக்குங்க. இது கையிலிருந்து.

"எதுக்குக் காசு? இன்னொரு அறையையும் பாயிண்ட்ஸிலேயே எடுத்துடலாமே"ன்னு தோணும். அப்ப 1,260 ரூபாயை மிச்சம் பிடிக்க இன்னொரு 8,750 பாயிண்ட்ஸ் போகுது. பாயிண்ட்டுக்கு 14 பைசாதான் தேறும். இலவசம்னு நினைச்சு நாலு மடங்கு விலை கொடுக்கிறோம்.

9/
இன்னொரு பக்கமும் இருக்கு. கோயில் ஊர் லாட்ஜுகளில் "மூணு பெட் ரூம்"னு கேட்டாலே கொடுப்பாங்க. அங்கே மூணாவது ஆள் எக்ஸ்ட்ரா இல்லை. ஸ்ரீரங்கத்தில் கொள்ளிடக் கரைப் பக்கம், பக்தர்கள் தங்க 2014-ல் திறந்த யாத்ரி நிவாஸ் இருக்கு. உங்களுக்கு 2,500 ரூபாயில் சுத்தமான மூணு பெட் ரூம் கிடைச்சா, மேலே சொன்ன பாயிண்ட்ஸ் அறையால் நிஜமா மிச்சமாகிறது 1,240 ரூபாய்தான். 5,250 இல்லை. நாம எப்படியும் எவ்வளவு செலவு பண்ணியிருப்போமோ, அதோட ஒப்பிட்டாதான் சரியான கணக்கு.

நான் பெரிய ஹோட்டலைப் பார்த்ததுக்குக் காரணம் சொகுசு இல்லை. லிஃப்ட், வெஸ்டர்ன் டாய்லெட், குளியலறையில் பிடிச்சுக்க கம்பி. இந்த மூணும்தான்.

10/
நண்பர் ஒருத்தர் சுலபமா ஒரு வழி சொன்னார்: "ரெண்டு பேர்னு போட்டுடு. வயசான அம்மாவை யார் தடுக்கப் போறா? ராத்திரி கீழே ஒரு போர்வை விரிச்சா முடிஞ்சது."

நிறைய பேர் செய்யறாங்க. நான் ஏன் செய்யலைன்னா, முதல் காரணம்: தங்கற எல்லாரோட அடையாள அட்டையும் கேட்பாங்க. அங்கே வச்சு 75 வயசு மனுஷி "இவங்க யாரு?"ன்னு ஒரு கேள்வியை வாங்கக் கூடாது. ரெண்டாவது: ராத்திரி தீ விபத்துன்னு வந்தா, அந்த அறையில் எத்தனை பேர்னு ஹோட்டல் கையில் இருக்கிற லிஸ்ட்டை வச்சுத்தான் தேடுவாங்க. லிஸ்ட்டில் இல்லாத ஆளை யார் தேடுவாங்க?

11/
மூணாவது, டாக்டரா சொல்றது. உலக அளவில், எதிர்பாராத காயங்களால் ஏற்படற மரணங்களில் சாலை விபத்துக்கு அடுத்த இடம் கீழே விழறதுக்குத்தான். உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில் வருஷத்துக்கு 6,84,000 பேர். அதிகம் இறக்கிறது 60 வயசைத் தாண்டினவங்க.

வீட்டில் பாயில் படுக்கிற அத்தைக்குக் கைக்கு எட்டுற தூரத்தில் தூண் இருக்கு, ஜன்னல் கம்பி இருக்கு. இருட்டிலும் வழி தெரியும். வழவழப்பான டைல்ஸ் தரையில், ஏசி குளிரில், தெரியாத அறையில், ராத்திரி ரெண்டு மணிக்குப் பிடிமானம் இல்லாம எழுந்திருக்கிறது வேற கதை. இடுப்பு எலும்பு முறிவு அந்த ரெண்டு அடியில்தான் நடக்குது. "தரையிலேயே படுத்துப் பழக்கம்"ங்கிறது அந்த வீட்டுத் தரைக்கு மட்டும்தான் பொருந்தும்.

12/
சரி, ரெண்டு அறை எடுத்தா? யாரைத் தனியா விடறது? ப்ரோஸ்டேட்டுக்கு மாத்திரை சாப்பிடற அப்பா ராத்திரி மூணு தடவை எழுந்திருப்பார். அந்த மாத்திரைகளில் சிலது, சட்டுனு எழுந்தா பிரஷரைக் குறைச்சுத் தலை சுத்த வைக்கும். அவரைத் தனியா விட முடியாது. அத்தைக்கு அந்தக் கார்டைச் சொருகி கதவு திறக்கிறதே புதுசு.

இன்னொண்ணு: புது இடத்தில் முதல் ராத்திரி யாருக்கும் நல்ல தூக்கம் வராது. 2016-ல் அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழக ஆய்வில், முதல் ராத்திரி மூளையின் ஒரு பக்கம் கொஞ்சம் விழிப்பாகவே இருக்கிறதைக் கண்டுபிடிச்சாங்க. அது இளம் வயசுக்காரங்களிடம் செய்த ஆய்வு. வயசானவங்க அரைத்தூக்கத்தில் எழுந்து "இது எந்த இடம்?"னு குழம்பறதை நாங்க வார்டில் அடிக்கடி பார்க்கிறோம். அந்த நேரத்தில் பக்கத்தில் தெரிஞ்ச குரல் ஒண்ணு வேணும். மூணு பேரும் ஒரே அறையில் இருக்கணும்னு நான் அடம் பிடிச்சது இதுக்குத்தான்.

13/
ஹோட்டலுக்கே போன் பண்ணினேன். "மூணு பேரும் வயசானவங்க. ஒரே பெரிய கட்டில் வேண்டாம், தனித்தனி கட்டில் ரெண்டு, கூட ஒரு எக்ஸ்ட்ரா பெட். குளியலறையில் கம்பி இருக்கிற அறை." அறை பாயிண்ட்ஸில், கட்டில் காசில். எல்லாத்தையும் ஈமெயிலில் எழுதி வாங்கினேன். எக்ஸ்ட்ரா பெட்னு சில இடத்தில் வெறும் மெத்தையைக் கீழே போடுவாங்க, "காலு வச்ச கட்டில்தானே?"ன்னு கேட்டு உறுதி பண்ணிக்கணும்.

எல்லாம் முடிஞ்சதுன்னு நினைச்சா, அத்தை வரமாட்டேன்னுட்டாங்க. அவங்க கட்டிலுக்கு மட்டும் தனியா காசுன்னு அப்பா வாய் தவறிச் சொல்லிட்டார். "உங்க ரெண்டு பேருக்கும் சும்மா கிடைக்குது, என்னாலதானே தண்டச் செலவு? நான் இங்கேயே மதுரகாளியம்மனைக் கும்பிட்டுக்கறேன்."

பாயிண்ட்ஸ் சும்மா வர்றதில்லை, அதுவும் நான் செலவழிச்ச காசுதான்னு போனில் விளக்கிப் பார்த்தேன். எடுபடலை. கடைசியில் அம்மாதான் பேசினாங்க. "நான் தோட்டத்துக்குப் போனப்ப எல்லாம் எம்புள்ளைக்குப் பாய் போட்டுத் தூங்க வச்சது நீங்கதானே. ஒரு ராத்திரி அவன் உங்களுக்குக் கட்டில் போடட்டும். வேண்டாம்னு சொல்லாதீங்க."

கொஞ்ச நேரம் போனில் சத்தமே இல்லை. அப்புறம் அத்தை கேட்டாங்க: "அந்தக் கட்டிலு ஜன்னல் ஓரமா இருக்குமா சாமி?"

14/
உங்க வீட்டுப் பெரியவங்களை அனுப்பும்போது இதைச் செய்யுங்க:

• நிஜமான ஆள் எண்ணிக்கையைப் போடுங்க. பாயிண்ட்ஸ் கணக்கு அதுக்கு அப்புறம்.
• மூணு பேரோட பேரும் புக்கிங்கில் இருக்கட்டும். மூணு பேரோட அடையாள அட்டையும் ஒரே கவரில்.
• ராத்திரி குளியலறை விளக்கை எரிய விட்டு, கதவை ஒருக்களிச்சு வைங்க. தரை ஈரமா இருந்தா உடனே துடைங்க.
• எழுந்தா உடனே நிற்க வேண்டாம். கட்டில் ஓரத்தில் ஒரு நிமிஷம் உட்கார்ந்து எழட்டும்.
• மாத்திரைப் பை கட்டில் பக்கத்தில் இருக்கணும். இன்சுலினைக் காரில் வைக்கக் கூடாது.
• விடிகாலை தரிசனம்னா, சர்க்கரை மாத்திரையை வெறும் வயித்தில் போட்டுட்டு வரிசையில் நிற்க வேண்டாம். எந்த மாத்திரையை எப்ப போடறதுன்னு உங்க டாக்டர்கிட்ட முன்னாடியே கேளுங்க.
• ரிசப்ஷன் நம்பரைப் பெரிய எழுத்தில் எழுதி போன் பக்கத்தில் வைங்க.

15/
பாயிண்ட்ஸை எப்படி அதிகமாக்கறதுன்னு சொல்ல ஆயிரம் வீடியோ இருக்கு. எதுக்காகச் சேர்க்கிறோம்ங்கிறதை நாமதான் முடிவு பண்ணணும். வாழ்நாள் முழுக்க ஓரமா படுத்த ஒருத்தர் எல்லா வீட்டிலும் இருப்பாங்க. அவங்க வாயைத் திறந்து கேட்கவே மாட்டாங்க. அடுத்த தடவை அந்தக் கட்டத்தில் 2ன்னு இருந்தா, அதை 3 ஆக்கறது நம்ம வேலை.

பயன்படும்னு தோணினா, வீட்டில் டிக்கெட், ரூம் எல்லாம் போடற அந்த ஒரு ஆளுக்கு அனுப்பி வைங்க.