பாக்ஸ் போய் யூ வந்தது: லெவன்ஸ் ஹால் தோட்டம் சொல்லும் பாடம்

இங்கிலாந்தின் வடமேற்கில் இருக்கிறது கம்பிரியா மாவட்டம். மழைக்கும் செம்மறி ஆட்டுக்கும் பெயர்போன சீமை. கெண்டல் என்ற சிறு நகரிலிருந்து தெற்கே எட்டு கிலோமீட்டர் போனால் கென்ட் ஆற்றங்கரையில் லெவன்ஸ் ஹால் என்ற பழைய மாளிகை வரும். மாளிகையைவிட அதன் தோட்டத்தைப் பார்க்கத்தான் கூட்டம் அதிகம்.

உள்ளே நுழைந்ததும் பச்சை நிறத்தில் பிரமாண்ட குடைகள், சதுரங்கக் காய்கள், குடுவைகள், நீதிபதியின் பொய்முடி, தோழிகளோடு நிற்கும் எலிசபெத் அரசி என்று நூற்றுக்கும் மேற்பட்ட உருவங்கள். எல்லாமே உயிருள்ள மரங்கள். கத்தரித்துக் கத்தரித்தே இப்படி ஆக்கியிருக்கிறார்கள். இந்தக் கலைக்கு டோப்பியரி என்று பெயர். கர்னல் ஜேம்ஸ் கிரஹாம் என்பவருக்காக, கியோம் பொமோன் என்ற தோட்டக்கலைஞர் 1694-ல் இந்தத் தோட்டத்தை அமைக்கத் தொடங்கினார். உலகின் மிகப் பழமையான டோப்பியரி தோட்டம் என்று இதைச் சொல்கிறார்கள்.

இரண்டு செடிகள்

இந்த வகைத் தோட்டங்கள் பெரும்பாலும் இரண்டு செடிகளை நம்பியே இருந்தன. ஒன்று பாக்ஸ். சிறு இலை, அடர்ந்த கிளை, மெதுவான வளர்ச்சி. பாத்தி ஓரத்தில் முழங்கால் உயர வேலிக்கும் சிறு உருண்டைகளுக்கும் இதுதான். இன்னொன்று யூ. ஊசிபோன்ற இலைகள் கொண்ட, நூற்றாண்டுகள் வாழும் மரம். பெரிய உருவங்களுக்கு இது.

1990-களின் நடுவில் இங்கிலாந்தில் பாக்ஸ் கருகல் நோய் தலைகாட்டியது. இது பூஞ்சண நோய். முதலில் இலையில் பழுப்புப் புள்ளி. பிறகு இளந்தண்டில் கறுப்புக் கோடு. அடுத்து இலை முழுக்கக் கொட்டிவிடும். நெருக்கமாகக் கத்தரித்த செடிக்குள் காற்று புகாது. மழை ஈரம் காயாது. கத்தரித்த காயம் வேறு. எந்த அடர்த்திக்காகப் பாக்ஸை விரும்பினார்களோ, அதுவே நோய்க்கு வாசலானது. உதிர்ந்த இலையில் பூஞ்சணம் ஆண்டுக்கணக்கில் தங்கும். கத்தரிக்கோலிலும் காலணியிலும் ஒட்டிக்கொண்டு பரவும். லெவன்ஸ் ஹாலின் பாத்தி விளிம்புகளையும் அது விட்டுவைக்கவில்லை.

அது போதாதென்று, கிழக்கு ஆசியாவிலிருந்து நாற்று வியாபாரத்தோடு பாக்ஸ் அந்துப்பூச்சியும் ஐரோப்பாவுக்குள் வந்தது. 2007-ல் ஜெர்மனியில் கண்டுபிடிக்கப்பட்டது. பச்சை உடம்பும் கறுப்புத் தலையும் கொண்ட புழுக்கள், நூலாம்படைபோலப் பின்னிக்கொண்டு உள்ளிருந்தே இலையைத் தின்னும். வெளியே தெரியும்போது செடி மொட்டையாகியிருக்கும்.

யூ ஏன் தாங்குகிறது?

யூ ஊசியிலை மரக் குடும்பத்தைச் சேர்ந்தது. பாக்ஸுக்குத் தூரத்து உறவுகூட இல்லை. அதனால் பாக்ஸைத் தாக்கும் பூஞ்சணமோ புழுவோ இதைத் தொடுவதில்லை.

இரண்டாவது பலம் இன்னும் பெரியது. ஊசியிலை மரங்களில் பலவற்றைப் பழைய கட்டை வரை வெட்டினால் துளிர்க்காது. யூ துளிர்க்கும். உருவம் பெருத்துக் குலைந்துபோனால் ஒரு பக்கத்தை அடிமரம் வரை வெட்டுகிறார்கள். அது தழைத்த பிறகே மறுபக்கத்தில் கைவைக்கிறார்கள். முதுமரம் புது உருவம் பெறுகிறது.

வேலையும் குறைவு. ஆண்டுக்கு ஒரு கத்தரிப்பு போதும். கோடை முடியும் நேரம் அதற்கு ஏற்றது. லெவன்ஸ் ஹாலில் கத்தரித்து முடிக்கவே மாதக்கணக்காகிறது. யூ ஆமை வேகத்தில் வளரும் என்பது பாதி உண்மைதான். நல்ல மண்ணில் இளம் யூ ஆண்டுக்கு 20 முதல் 30 சென்டிமீட்டர் வளரும். வேலிக்கு 45 முதல் 60 சென்டிமீட்டர் இடைவெளியில் நடுகிறார்கள். ஆனால் கணுக்கால் உயர விளிம்புக்கு யூ அவ்வளவாகப் பொருந்தாது. அந்த இடத்துக்குப் பல தோட்டங்களில் ஜப்பானிய ஹாலி என்ற சிற்றிலைச் செடியைப் பயன்படுத்துகிறார்கள்.

யூ கொண்டுவரும் இரண்டு ஆபத்துகள்

முதலாவது தண்ணீர். வெயில், நிழல், சுண்ணாம்பு மண் எதையும் பொறுக்கும் யூ, வேரில் தேங்கும் நீரைப் பொறுக்காது. பைட்டோப்தோரா வேரழுகல் வந்து வரிசையாகப் பட்டுப்போகும். நோய்க்குப் பயந்து பாக்ஸைப் பிடுங்கிவிட்டு, வடிகால் பார்க்காமல் களிமண் பள்ளத்தில் யூ நட்டால் இன்னொரு நோயைக் கூப்பிட்டதாகும். ஈரமான இடமென்றால் முதலில் வடிகால் எடுத்து, மேடு கட்டி, பிறகே நட வேண்டும்.

இரண்டாவது நஞ்சு. இது கால்நடை வளர்ப்போர் காதில் விழ வேண்டிய செய்தி. பழத்தின் சிவப்புச் சதையைத் தவிர இலை, பட்டை, விதை எல்லாமே விஷம். சில கைப்பிடி இலையே மாட்டையும் குதிரையையும் சாய்த்துவிடும். இதயம் நின்று திடீரென விழும். மாற்று மருந்தும் கிடையாது. வெட்டிய கிளை காய்ந்தாலும் நஞ்சு குறையாது. லெவன்ஸ் ஹாலுக்குச் சொந்தமான பூங்காவில் முன்பாதி கறுப்பும் பின்பாதி வெள்ளையுமான பேகட் இன ஆடுகள் மேய்கின்றன. இப்படி மந்தை உள்ள இடங்களில், கத்தரிக்கும்போது தரையில் விரிப்பு போட்டு, கழிவை ஒன்றுவிடாமல் அள்ளிவிட வேண்டும். வேலிக்கு வெளியே வீசிய ஒரு கட்டுக் கிளை, கவலையின்றி மேயும் மந்தைக்கு எமன்.

அதே கழிவு உயிரும் காக்கிறது. யூ இலையிலிருந்து எடுக்கும் பொருளை வைத்தே டோசிடாக்செல் என்ற புற்றுநோய் மருந்தைத் தயாரிக்கிறார்கள். இதற்காக இங்கிலாந்துத் தோட்டங்களில் இளங்கிளைக் கழிவை நிறுவனங்கள் சேகரித்துப் போனதும் உண்டு. யூவின் உறவான மரம் நம் இமயமலைக் காடுகளிலும் உண்டு. பட்டைக்காகவும் இலைக்காகவும் அளவுக்கு மீறி வெட்டியதில் அது அருகிவிட்டது.

குளிர்ச்சியான சீமைக்கான மரம் இது. அழகுச் செடி என்று யாராவது விற்றாலும் தமிழகச் சமவெளிக்கு வாங்கி ஏமாற வேண்டாம். ஆனால் லெவன்ஸ் ஹால் கற்றுத்தரும் கணக்கு எந்த ஊருக்கும் பொருந்தும். நோய் வந்த செடிக்கு மாற்று தேடும்போது, 'இதற்கு அந்த நோய் வருமா?' என்று கேட்டால் மட்டும் போதாது. 'இது என் மண்ணில் நிற்குமா? என் தொழுவத்துக்கு ஆபத்தா?' என்றும் கேட்டுவிட்டுத்தான் குழி எடுக்க வேண்டும்.