தண்ணிக்கு மூச்சு முட்டும் நேரம்

விடியற்காலை நாலேகால். அல் ஐன் நகரின் ஓரத்தில் ஓர் எமிராத்திக் குடும்பத்தின் வீட்டுக் கொல்லையில் குத்தவைத்து உட்கார்ந்திருக்கிறோம். அண்ணன் கைப்பேசி விளக்கைத் தண்ணீரில் அடிக்காமல் சுவரில் அடிக்கிறார். அங்கிருந்து தெறிக்கும் மங்கல் ஒளியில்தான் தொட்டியைப் பார்க்கிறார்.

“நேரா அடிச்சா மீனு மெரண்டு அடிக்குப் போயிரும் தம்பி. அதுக்கு என்ன கஷ்டம்னு அப்புறம் நமக்குத் தெரியாது.”

மூன்றாவது தொட்டியில் கஷ்டம் தெரிந்தது. சுண்டுவிரல் நீள மீன்கள் ஏழெட்டு, அல்லி இலைகளுக்கு நடுவே மேல்மட்டத்தில் வாயை ஒட்டிவைத்துத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. அண்ணன் ஒன்றும் பேசாமல் ஒரு செம்பை எடுத்தார். அதே தொட்டித் தண்ணீரை மொண்டு, நெஞ்சு உயரத்துக்குத் தூக்கி, நூல் பிடித்தாற்போல் ஊற்றினார். மறுபடி மொண்டார். பத்து நிமிடம் கை ஓயவில்லை. மீன்கள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின.

நான் அங்கே போனதற்குக் காரணம் ஷார்ஜாவில் இருக்கும் என் தங்கை. அவள் வீட்டு மாடத்தில் வைத்திருந்த அல்லித் தொட்டியில் ஜூலை முதல் வாரத்தில் ஒரே இரவில் எல்லா மீனும் செத்து மிதந்தன. வெயில்தான் கொன்றது என்று அவள் நினைத்தாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். தெரிந்தவர் ஒருவர் அண்ணனைப் பற்றிச் சொன்னார். முதுகுளத்தூர்ப் பக்கத்துக்காரர், 19 வருடமாக அமீரகத்தில் தோட்ட வேலை, பதினான்கு தொட்டிகளை வருடம் முழுக்க உயிரோடு வைத்திருக்கிறார் என்று. தங்கையின் கதையைக் கேட்டதும் அவர் கேட்ட முதல் கேள்வி: “பம்பை ராத்திரி நிறுத்தினாங்களா?”

நிறுத்தியிருந்தாள். சத்தத்தில் குழந்தை தூங்கவில்லை என்று.

இதுதான் இந்த வேலையின் சூட்சுமம். பகலில் செடியும் பாசியும் வெளிச்சத்தில் ஆக்சிஜனை வெளியே விடுகின்றன. இருட்டியதும் அவையும் மீனைப் போலவே அதை எடுத்துக்கொள்ளத் தொடங்குகின்றன. இரவு முழுக்கச் செலவு, வரவு இல்லை. விடிவதற்குச் சற்று முன் கையிருப்பு அடிமட்டத்துக்கு வந்துவிடும். சூடான தண்ணீரிலோ முதலே குறைவு. 20 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் ஏறக்குறைய 9 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும். 35 டிகிரியில் 7-க்கும் சற்றுக் கீழே. சூடு ஏற ஏற மீனுக்கு மூச்சுத் தேவையோ கூடுகிறது. நடுப்பகலைப் பார்த்துப் பயப்படும் நாம் நாலரை மணியைப் பற்றி யோசிப்பதே இல்லை. புழுதிக்காற்று அடித்து நாளெல்லாம் வானம் மங்கிக் கிடந்தால் மறுநாள் விடியல் இன்னும் மோசம், பகலில் சேமிப்பே நடந்திருக்காது. அப்படிப்பட்ட நாட்களில் அண்ணன் மூன்றரைக்கே எழுந்துவிடுகிறார்.

பகலுக்கான வேலை வேறு மாதிரி. அண்ணன் மீன்தொட்டிக்கடை வெப்பமானி ஒன்றைக் கயிற்றில் கட்டி வைத்திருக்கிறார். காற்று 45 டிகிரியைத் தொட்ட ஒரு மதியம் அதை வாங்கி ஒவ்வொரு தொட்டியாக இறக்கிப் பார்த்தேன். வெயில் படும் இடத்தில் யாரோ வைத்துவிட்டுப் போன கறுப்பு பிளாஸ்டிக் தொட்டியில் 41. வேப்பமர நிழலில், நிழல்வலைக்கு அடியில், பாதி மண்ணில் புதைத்திருந்த சுடுமண் தொட்டியில் 30. இரண்டுக்கும் நடுவே இருபது அடி தூரம்கூட இல்லை.

மெருகு பூசாத மண் தொட்டி வேர்க்கிறது. வேர்வை காயும்போது சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. நம் வீட்டு மண்பானை செய்யும் அதே வேலைதான். தொட்டியைச் சுற்றி மணலைக் கொட்டி, மணலை நனைத்து, அதன்மேல் சாக்கு போர்த்தியிருக்கிறார். ஆனால் இந்த வித்தை அல் ஐனில் பலிக்கும் அளவுக்கு ஷார்ஜாவில் பலிக்காது என்று அவரே எச்சரித்தார். கடலோரத்தில் காற்றிலேயே ஈரம் கனத்துக் கிடக்கும், வேர்வை காயாது. அல் ஐன் உள்நாடு, ஓமன் எல்லையில், ஜபல் ஹஃபீத் மலையடியில் இருக்கிற வறண்ட ஊர். “அங்க நிழல நம்பணும், இங்க ஈரத்த நம்பலாம்” என்றார். தங்கையிடம் அன்றிரவே தொலைபேசியில் சொன்னேன்.

தண்ணீர் குறைவதை அவர் விரற்கடைக் கணக்கில் சொல்கிறார். கோடையில் நாளுக்கு அரை விரற்கடைக்கு மேல். இரண்டடி அகலத் தொட்டியில் அது ஏறக்குறைய மூன்று லிட்டர். அதை ஊற்றி நிரப்பினால் போதும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். போதாது. ஆவியாகப் போவது தண்ணீர் மட்டும். உப்பு அங்கேயே தங்குகிறது. ஊற்ற ஊற்ற, போகப் போக, தொட்டி கொஞ்சம் கொஞ்சமாகக் கரிக்கத் தொடங்கும். விளிம்பில் ஏறியிருக்கும் வெள்ளைக் கோட்டை நகத்தால் சுரண்டிக் காட்டினார். அதனால் வாரம் ஒருமுறை கால்வாசித் தண்ணீரை அடியிலிருந்து உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிது விடுகிறார். எடுத்தது பேரீச்சைக்குப் போகிறது. ஒரு சொட்டு வீணாவதை அவரால் பார்க்க முடியாது. இந்த நாட்டின் குழாய்த் தண்ணீரில் பெரும்பகுதி கடல்நீரைக் குடிநீராக்கிக் கொண்டுவருவது என்பதைத் தொட்டிக்குத் தொட்டி நினைவுபடுத்திக்கொண்டே இருந்தார்.

அந்தக் குழாய்த் தண்ணீரில் இன்னொரு கண்ணி இருக்கிறது. கோடையில் மொட்டைமாடித் தொட்டி கொதித்து, பச்சைத் தண்ணீர்க் குழாயிலேயே வெந்நீர் வரும். வளைகுடாவில் இருக்கிற நம்மவர்களுக்கு இது தெரியும். ஹீட்டரை அணைத்துவிட்டு, வீட்டுக்குள் இருக்கும் அந்த ஹீட்டர்த் தண்ணீரைத்தான் குளிர்ந்த தண்ணீர் என்று குளிக்கப் பிடிப்பார்கள். மதியம் குழாயைத் திறந்து நேராகத் தொட்டியில் விட்டால், சூடும் குளோரினும் ஒன்றாகச் சேர்ந்து மீனின் செவுளைத் தாக்கும். முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் மேற்பார்வையாளர் அவசரப்படுத்தி அப்படி விடச் சொல்லியிருக்கிறார். மீன் செத்தது. சம்பளத்தில் பிடித்தது அண்ணனுக்கு. அதைச் சொல்லும்போது அவர் குரலில் கோபம் இல்லை. செத்த மீன்கள் இருபத்திரண்டு என்ற எண்ணிக்கையை மட்டும் மறக்காமல் சொன்னார்.

இரை விஷயத்தில் அவர் மகா கறார். காலையில் ஒரு சிட்டிகை, அதோடு சரி. பகலில் பாசி கரியமில வாயுவை உறிஞ்ச உறிஞ்சத் தண்ணீரின் காரம் ஏறும். காரமும் சூடும் கூடினால், கழிவிலிருந்து வரும் அமோனியாவில் நஞ்சாக இருக்கும் பங்கு பல மடங்காகிவிடும். வீட்டுக் குழந்தைகள் ரொட்டியைப் பிய்த்துப் போட ஓடிவருவார்கள். அவர்களிடம் கண்டிப்புக் காட்ட அவருக்கு உரிமையில்லை. அதனால் ஒரு தொட்டியை அவர்களுக்கென்றே ஒதுக்கி, அதில் மீனே விடாமல் தாமரை மட்டும் வைத்திருக்கிறார். தாமரைக்கு வெயில் பிடிக்கும். வேண்டியதெல்லாம் கனமான களிமண். இங்கே கிடைப்பதோ மணல், அல்லது ‘ஸ்வீட் சாயில்’ என்று விற்கும் உப்புக் குறைந்த மண். “நம்ம கம்மாய்க் கரம்பை ஒரு சாக்கு இருந்தாப் போதும் தம்பி” என்று சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

அவருடைய மீன்கள் கடையில் வாங்கியவை அல்ல. கோல்டு ஃபிஷ் இந்தச் சூட்டுக்கு ஆகாது என்று அவர் விட்டு வருடங்களாகிவிட்டன. இந்த மண்ணின் மீன் ஒன்று இருக்கிறது, அரபுக் கில்லி மீன். உப்பையும் சூட்டையும் ஒருசேரத் தாங்கும், கொசுப்புழுவை ஒன்றுவிடாமல் தின்னும். ஒரு பண்ணையில் கேட்டு வாங்கி வந்து பெருக்கியிருக்கிறார். அதன் அருமை 2024 ஏப்ரல் 16-க்குப் பிறகுதான் வீட்டாருக்குப் புரிந்தது என்றார். அன்று அல் ஐனின் கத்ம் அல் ஷக்லாவில் 24 மணி நேரத்துக்குள் 254.8 மில்லிமீட்டர் மழை கொட்டியது. அந்த நாட்டில் அப்படி ஒரு மழை மிக அரிது. தொட்டிகள் வழிந்து மண்ணும் கிழங்கும் முற்றமெங்கும் சிதறிக் கிடந்தன. பின்னாலேயே கொசு வந்தது, டெங்கு பற்றிய பேச்சும் வந்தது. அக்கம்பக்கத்தில் தொட்டிகளைக் கவிழ்த்துவிட்டார்கள். இந்த வீட்டில் கவிழ்க்கவில்லை. வீட்டுப் பெரியம்மா ஒரு கண்ணாடித் தம்ளரில் தொட்டித் தண்ணீரை மொண்டு, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, புழு இல்லை என்று தானே உறுதி செய்துகொண்டாராம்.

ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை, நண்பகல் பன்னிரண்டரையிலிருந்து மூன்று மணிவரை வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்பது அங்கே சட்டம். அந்த நேரத்தில் ஒருநாள் அண்ணனோடு அல் ஐன் பேரீச்சைச் சோலைக்குள் நடந்தேன். 2011-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய இடங்களில் அதுவும் ஒன்று. மரங்களுக்கு அடியில் இடுப்பளவு மதில்களுக்கு நடுவே ஃபலஜ் வாய்க்கால் ஓடுகிறது. நிலத்தடியிலிருந்து சரிவிலேயே நடத்திக்கொண்டு வரும் தண்ணீர். அந்தக் காலத்தில் அதை அளவாலல்ல, நேரத்தால் பங்கிட்டார்கள். பகலில் நிழலின் நீளம், இரவில் நட்சத்திரத்தின் இடம். அந்தக் கணக்கைப் பார்ப்பவருக்கு ‘அரீஃப்’ என்று பெயர். அறிந்தவர் என்று பொருள்.

இதை நான் சொன்னதும் அண்ணன் நின்றுவிட்டார். அவருடைய ஊரில் கண்மாய் மடையைத் திறந்து மூடி, வயலுக்கு முறை வைத்துத் தண்ணீர் விடுகிறவர் நீர்க்கட்டி. அவருடைய தாத்தா அந்த வேலை பார்த்தவர். “அப்ப இங்கயும் நம்மாளு இருந்திருக்காரு” என்றார். அவருடைய தொழிலாளர் அட்டையில் தோட்டத் தொழிலாளி என்று இருக்கிறது. நாலேகால் மணிக்கு அவர் பார்க்கும் வேலைக்கு அதில் பெயரும் இல்லை, கூலியும் இல்லை. இரண்டும் இருக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

கிளம்புகிற அன்று இரவு பத்து மணிக்கு விடைபெறப் போனேன். வீட்டின் பின்கட்டில், அணைத்து வைத்த ஹீட்டரின் குழாயிலிருந்து தண்ணீர் பிடித்து, ஆறு மண்குடங்களில் வாய் திறந்தபடி வைத்துக்கொண்டிருந்தார். குளோரின் போக வேண்டும், சூடு இறங்க வேண்டும், நாளை விடிந்ததும் ஊற்ற வேண்டும். உடன் வேலை பார்க்கும் வங்கதேசத்துப் பையன் ஆறாவது குடத்தின் மேல் ஒரு பலகையைப் போட்டு மூடினான். அண்ணன் பலகையை எடுத்துவிட்டு, மெல்லிய துணி ஒன்றை நனைத்துக் குடத்தின் வாயில் விரித்தார். ஏன் என்று அவன் இந்தியில் கேட்டான். இவர் தமிழிலேயே சொன்னார்: “அதுவும் மூச்சு விடணும்டா.”

பிறகு கைப்பேசியில் மூன்றரைக்கு அலாரம் வைத்தார். சாயங்காலம் புழுதிக்காற்று அடித்திருந்தது.