வாசல் கம்பியில் ஒரு இடம்

கடலூர் முதுநகரில் ஒரு சந்து முனை. பெட்டிக்கடையை விடக் கொஞ்சம் பெரியது, மளிகைக்கடை என்று சொல்ல முடியாத அளவுக்குச் சிறியது அந்தக் கடை. வாசலின் குறுக்கே கட்டிய கம்பியில் ஷாம்பு, தேங்காயெண்ணெய், காப்பித்தூள், ஊறுகாய், துணி சோப்புத்தூள் எல்லாம் சரம் சரமாகத் தொங்குகின்றன. நடுவில் ஒரு முகம் தெரியும் அளவுக்கு இடைவெளி. அதற்குள்ளிருந்துதான் கடைக்கார அக்கா வியாபாரம் செய்கிறார்.

மீன் கூடையை இறக்கி வைத்துவிட்டு ஒரு பெண் காசை நீட்டுகிறார். "ரெண்டு ஷாம்பு குடுக்கா."

எந்த ஷாம்பு என்று அவர் சொல்லவில்லை, அக்காவும் கேட்கவில்லை. கைக்கு எட்டிய சரத்திலிருந்து இரண்டைக் கிழித்துக் கொடுக்கிறார். அடுத்து ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளை வருகிறாள். அக்கா அதே சரத்தைத் தொட்டதும், "அது இல்லக்கா, அந்தப் பக்கம் இருக்கறது" என்று விரலை நீட்டுகிறாள். அக்கா எழுந்து, ஓரத்தில் தொங்குவதைக் கிழித்துத் தருகிறார்.

விளம்பரம் ஜெயித்தது பிள்ளையிடம். மீன்காரம்மாவிடம் ஜெயித்தது அக்காவின் கை போன திசை. தொலைக்காட்சியில் கோடிகளைக் கொட்டும் கம்பெனிகள்கூட இந்தக் கம்பியில் நடு இடத்துக்காக ஏன் மன்றாடுகின்றன என்பது இந்த இரண்டு வியாபாரத்தைப் பார்த்தாலே புரிந்துவிடும்.

இந்தச் சரங்கள் கடலூரில் தொங்குவதில் ஒரு நியாயம் இருக்கிறது. பணக்கார வீட்டுக் குளியலறையில் இருக்கும் பொருள் கூலிக்காரர் வீட்டுக்கும் போக வேண்டும் என்று நினைத்த சின்னி கிருஷ்ணன் இந்த ஊர்க்காரர். பெரிய டப்பாவில் விற்றதைச் சிறு பொட்டலமாக்கினால் அது நடக்கும் என்று நம்பினார். அவர் பிள்ளைகள் கொண்டுவந்ததுதான் வெல்வெட் ஷாம்பு. அந்தக் குடும்பத்திலிருந்தே தனியே பிரிந்து வந்த சி.கே.ரங்கநாதன், 1983இல் 15,000 ரூபாய் முதலீட்டில் சிக் ஷாம்பு தொடங்கினார். சிக் என்ற பெயரே அப்பாவின் பெயரிலிருந்து எடுத்தது. ஆக, முதல் போட்டி ஒரே வீட்டுக்குள் மூண்டது.

ஷாம்பு என்றால் என்னவென்றே தெரியாத கிராமங்களுக்கு ரங்கநாதனின் ஆட்கள் போனார்கள். சீயக்காயும் குளியல் சோப்பும் மட்டுமே தலை கண்ட காலம். ஒரு பையனை முன்னால் நிறுத்தி, ஊர் பார்க்க அவன் தலையை அலசி, தொட்டுப் பாருங்கள், மோந்து பாருங்கள் என்றார்கள். ரஜினி படம் போட்டுக் காட்டி நடுவே விளம்பரமும் காட்டினார்கள். பிறகு மல்லிகை வாசத்திலும் ரோஜா வாசத்திலும் ஷாம்பு வந்தது. பூ வைக்காமல் வெளியே கிளம்பாத பெண்கள் வாழும் நாட்டில் இதை யோசித்தவர், வாங்குகிறவரின் வீட்டுக்குள் போய் நின்று பார்த்திருக்க வேண்டும்.

எல்லாவற்றையும் விட எனக்குப் பெரிதாகத் தோன்றுவது காலி உறைத் திட்டம். எந்தக் கம்பெனி ஷாம்புவாக இருந்தாலும் ஐந்து காலி உறை கொண்டுவந்தால் ஒரு சிக் இலவசம். எதிராளியின் வாடிக்கையாளர்கள் தாங்களாகவே தேடி வந்தார்கள். கொஞ்ச நாளில், சிக் உறைக்கு மட்டும்தான் என்று மாற்றினார்கள். அதற்குள் கைக்கு அந்தப் பெயர் பழகிவிட்டது. அன்றைக்குக் காலி உறைக்கு ஒரு மதிப்பு இருந்தது. பிள்ளைகள் பொறுக்கி எடுத்தார்கள். இன்றைக்கு இந்தச் சந்தின் சாக்கடையை அடைத்துக் கிடப்பதும் அதே உறைதான். பல அடுக்குப் பிளாஸ்டிக் என்பதால் காயலான் கடைக்காரர்கூட அதைத் தொடமாட்டார். விற்பதற்காக உறையைத் திரும்ப வாங்கத் தெரிந்த தொழில், ஊர் சுத்தமாக இருப்பதற்காகவும் அதைத் திரும்ப வாங்கலாம்.

1999இல் சிக் ஐம்பது காசுக்கு வந்தது. பெரிய கம்பெனிகளும் சிறு உறையில் முழுமூச்சாக இறங்கின. ஐம்பது காசைக் கடைகளில் யாரும் வாங்காமல் போக, இப்போது ஒரு ரூபாய், இரண்டு ரூபாய். அந்த விலையை ஏற்ற யாருக்கும் துணிவில்லை. மீன்காரம்மா கையில் இருப்பது அந்த நாணயம்தான். அதனால் கூட்டுவதும் குறைப்பதும் உறைக்குள்ளேயே நடந்துவிடுகிறது. உறையின் பின்பக்கம் பொடி எழுத்தில் அச்சடித்த அளவை இந்தத் தெருவில் யாரும் படித்து நான் பார்த்ததில்லை.

கடையின் இடது பக்கம் கண்ணாடிக் கதவு போட்ட சிவப்பு ஃப்ரிட்ஜ். குளிர்பானக் கம்பெனி கொடுத்தது. அவர்கள் பாட்டிலை மட்டும்தான் வைக்க வேண்டும் என்பது பேச்சு. கரண்டு பில் அக்காவுடையது. 1916இல் விருதுநகரில் தொடங்கிய காளிமார்க்கின் பொவண்டோ, தரையில் கிரேட்டோடு வெயிலில் நிற்கிறது. ஜல்லிக்கட்டுப் போராட்டம் முடிந்த சூட்டில், 2017 மார்ச் 1 முதல் வெளிநாட்டுக் குளிர்பானங்களை விற்பதில்லை என்று வணிகர் சங்கங்கள் அறிவித்தன. அந்த நாட்களில் பொவண்டோவைக் கேட்டு வாங்கினார்கள். கோபம் ஆறிய பிறகும் ஃப்ரிட்ஜ் அதே இடத்தில் இருந்தது. வெயிலில் வருகிறவருக்கு ருசியை விடச் சில்லிப்புதான் முதலில் வேண்டும். ஃப்ரிட்ஜ் கொடுக்க வசதியில்லாத சோடாக் கம்பெனி எவ்வளவு நன்றாகத் தயாரித்தாலும் இங்கே தோற்கிறது. இது நியாயமான போட்டி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பதினொரு மணிக்கு பைக்கில் சேல்ஸ்மேன் தம்பி வருகிறார். சட்டை முதுகில் ஒட்டியிருக்கிறது. போனில் ஆர்டர் பக்கத்தைத் திறந்துகொண்டே பேசுகிறார்.

"அக்கா, புது ஷாம்பு. பன்னெண்டு சரம் எடுத்தா ஒரு சரம் ஃப்ரீ."

"போன தடவ நீ குடுத்ததே தொங்குது பாரு. வெயில்ல கலர் போயிடுச்சு."

"ஓரத்துல மாட்டினா எப்படிக்கா போவும்? நடுவுல மாட்டுங்க."

"நடுவுல ஓடறத எடுத்துட்டு ஓடாதத மாட்டச் சொல்றியா?"

தம்பி ஒரு நிமிடம் பேசாமல் நிற்கிறார். மாதக் கடைசி. எண்ணிக்கை காட்டாவிட்டால் மேலே இருப்பவர் கேட்பார் என்பது அவர் முகத்திலேயே தெரிகிறது. அக்காவுக்கும் தெரிகிறது.

"பழசத் திருப்பி எடுத்துக்க. புதுசுல மூணு சரம் வை. ஒரு வாரம் நடுவுல மாட்டறேன். போனா பன்னெண்டு எடுக்கறேன்."

"திருப்பி எடுக்க மாட்டாங்கக்கா."

"அப்ப ஆபீஸ்ல கேட்டுட்டு வா."

தம்பி அங்கேயே நின்று யாருக்கோ போன் போடுகிறார். அதற்குள் வேறு கம்பெனி பைக் ஒன்று சந்துக்குள் திரும்புகிறது.