கிண்ணியாவின் காற்றாடியும் கனடாவின் பனியும்

திருகோணமலை என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது இயற்கைத் துறைமுகமும், ஆங்கிலேயர் கட்டிவிட்டுப் போன எண்ணெய்க் குதங்களும்தான். எனக்கோ திருகோணமலை என்றால் கிண்ணியாவில் உள்ள என் தாய்மாமாவின் வளவும், அதன் கொட்டில் மூலையில் சாக்குப் போர்த்திக் கிடக்கும் பழைய இரும்புக் காற்றாடியும்தான்!

கடந்த மாசி மாதம் அங்கே போகும் வாய்ப்புக் கிடைத்தது. மாமாவின் மூத்த மகன் 11 ஆண்டுகளுக்குப் பிறகு டொரன்டோவிலிருந்து வந்திருந்தார். பெரும்போக அறுவடைக் காலம் வேறு. விடுவேனா?

நகரிலிருந்து புறப்பட்ட பஸ் உள்துறைமுகத்தைச் சுற்றிச் சீனக்குடா வழியாக ஓடியது. கடலோரத்தில் பெரிய மா ஆலை. கடல்கடந்து வரும் கோதுமை அங்கே மாவாகிறது. நம்முடைய நெல்லோ இதே குடாவின் மறுகரையில் விளைகிறது. வெள்ளைமணலைக் கடந்ததும் கிண்ணியாப் பாலம். ஒரு பக்கம் கொட்டியாரக் குடா, மறுபக்கம் தம்பலகாமக் குடா. 396 மீட்டர் நீளமான இந்தப் பாலம் 2009 ஒக்டோபரில் திறக்கப்பட்டது. அதற்கு முன் 'பாதை'யில்தான் ஆளும் வாகனமும் அக்கரை சேர வேண்டும். மாமாவின் உழவு இயந்திரமும் ஒரு காலத்தில் அப்படித்தான் வந்து இறங்கியதாம்.

அந்த இயந்திரத்தைக் கிழக்கிலங்கையில் யாரும் 'இரு சில்லு உழவு இயந்திரம்' என்று சொல்வதில்லை. எந்தக் கம்பனி செய்திருந்தாலும் அது 'லேண்ட்மாஸ்டர்'தான். இந்தப் பெயருக்குப் பின்னால் நம் நாட்டவர் ஒருவர் இருக்கிறார் என்பது பலருக்குத் தெரியாது. 1950களில் இந்த இயந்திரத்தை வடிவமைத்தவர் இலங்கைப் பொறியியலாளர் ரே விஜேவர்தன. தயாரித்தது இங்கிலாந்தின் நொட்டிங்காம் பகுதியில். பிற்காலத்தில் அவரே தம் படைப்பைக் கேள்விக்கு உட்படுத்தினார். நாம் இயந்திரமயமாக்கியது விவசாயத்தையா, எருமையையா என்று யோசித்தார். எருமை பால் தரும், எரு தரும், கன்று ஈனும். இயந்திரம் எண்ணெய் மட்டுமே கேட்கும்! 2010இல் அவர் காலமானார்.

ஆனாலும் லேண்ட்மாஸ்டரின் சிறப்பு வேறொன்றில் இருக்கிறது. இஞ்சின் ஒன்றுதான், அதில் பூட்டுகின்ற சாமான்கள் பல. சேற்றில் இறங்கும்போது ரப்பர் சில்லைக் கழற்றிவிட்டு இரும்புச் சில்லைப் பூட்டுவார்கள். அறுவடை முடிந்தால் பெட்டியைக் கொளுவி நெல் மூட்டை ஏற்றுவார்கள். தண்ணீர் இறைக்கப் பம்பி. பொலி தூற்றக் காற்றாடி. இஞ்சினிலிருந்து ஒரு பட்டி ஓடும், விசிறி சுழலும், முன்னால் கொட்டும் நெல்லிலிருந்து பதர் பறந்துவிடும். காற்றுக்காகக் காத்திருந்து, உயரத்தில் ஏறி நின்று, சுளகால் தூற்றிய காலம் அதோடு போயிற்று.

இப்போது அந்தக் காற்றாடியின் காலமும் போய்விட்டது. வட்டைக்குள் அறுவடை மெசின் இறங்கினால் வெட்டுவதும் அடிப்பதும் தூற்றுவதும் ஒரே ஓட்டத்தில் முடிகிறது. மாமாவின் இளைய மகன் மட்டும் விதைநெல்லை இன்னொரு தரம் தூற்றிச் சுத்தமாக்க விரும்பினார். "காக்கா, அந்தக் காற்றாடிய ஒருக்காப் பூட்டிப் பாப்பமா?" என்று அண்ணனிடம் கேட்டார்.

மச்சான் சாக்கை விலக்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "இதுட தம்பிதானே எங்கட வீட்டிலயும் நிக்கிறான்!"

அங்கே அவரிடம் ஒரு சிறிய தோட்ட டிரக்டர் இருக்கிறதாம். கோடையில் புல் வெட்டும். மாரியில் அதன் முன்னால் பனி வீசும் கருவியைப் பூட்டுவார். முன்னே இருக்கும் திருகு பனியைச் சுரண்டி நடுவுக்குக் கொண்டு வரும். பின்னால் சுழலும் விசிறிச் சக்கரம் அதை ஒரு குழாய் வழியாகத் தூரத்தில் எறியும். முன்பக்கம் பாரம் கூடுவதால் பின்னால் எடைக்கல் கட்ட வேண்டும். சறுக்காமலிருக்கச் சில்லுகளில் சங்கிலி சுற்ற வேண்டும்.

"நம்மட இரும்புச் சில்லு மாதிரி" என்றார் மாமா.

"ஓம் வாப்பா. காத்துப் போற பக்கம்தான் எறியணும். எதிர்த்து எறிஞ்சா எல்லாம் நம்மட முகத்திலதான். பக்கத்து வீட்டு வாசலிலயும் விழப்படாது."

"பதரும் அப்படித்தான் மகன்."

அப்பனும் மகனும் இப்படிப் பேசிக்கொண்டதைக் கேட்க எனக்கு வியப்பாக இருந்தது. ஆனால் உண்மையில் இதில் வியப்பில்லை. கனடாவின் கியூபெக் மாகாணத்தைச் சேர்ந்த ஆர்தர் சிகார் என்பவர் 1925இல் பனி வீசும் இயந்திரத்தை உருவாக்கினார். வயலில் கதிரடிக்கும் இயந்திரத்தைப் பார்த்துத்தான் அவருக்கு அந்த யோசனை வந்ததாம். ஆக, கனடாவின் பனிக்கும் கிண்ணியாவின் பதருக்கும் சொந்தம் உண்டு!

பேச்சு அத்தோடு முடிந்திருக்கும். தம்பி பட்டியைக் கொண்டுவந்து மாட்டப் போனபோது மச்சான் சட்டென்று அவர் கையைப் பிடித்தார். "பட்டிக்கு மூடி எங்க?"

யாரும் பேசவில்லை. எல்லோருடைய பார்வையும் மாமாவின் வலது கைக்குப் போயிற்று. அதில் இரண்டு விரல்கள் இல்லை.

35 ஆண்டுகளுக்கு மேலாக அந்தக் கையை நாங்கள் பார்க்கிறோம். 'மெசின்ல பட்டது' என்பதற்கு மேல் அவர் எதுவும் சொன்னதில்லை. அன்றுதான் சொன்னார். மூடியைப் பூட்டவும் கழற்றவும் நேரம் பிடிக்கிறது என்று அவரே அதைக் கழற்றி வைத்திருக்கிறார். மழை இருட்டிக்கொண்டு வந்தது. களத்தில் பொலி கிடந்தது. அவசரத்தில் குனிந்தபோது தோளில் கிடந்த சால்வை பட்டியில் சிக்கியது. அதை இழுக்கப் போன கையையும் பட்டி இழுத்துக்கொண்டது. "மெசின் ஒண்டும் செய்யல்ல மகன். அவசரம்தான் செஞ்சது" என்றார்.

மச்சான் சற்று நேரம் தலை குனிந்திருந்தார். பிறகு அவரும் ஒன்றைச் சொன்னார். போன மார்கழியில் பனிக்கருவியின் குழாய் ஈரப்பனியால் அடைத்துக்கொண்டதாம். இஞ்சினை நிறுத்தினார். நின்றுவிட்டதுதானே என்று கையை விடப் போனவர், வாப்பாவின் கை நினைவுக்கு வர, ஒரு தடியால் குத்தினார். அடைப்பு விலகிய அந்தக் கணத்தில் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றித் தடியை முறித்துப் போட்டது. இஞ்சின் நின்ற பிறகும் இறுகி நிற்கும் பாகத்தில் விசை தங்கியிருக்கும் என்பதை அன்றுதான் கண்ணால் கண்டாராம்.

"அந்தத் தடி என்ட விரல், வாப்பா" என்றார். மாமி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இன்னொரு பாடமும் அவரிடம் இருந்தது. பனித்திருகில் ஓர் ஆணி உண்டு. கல்லோ கட்டையோ சிக்கினால் முறிய வேண்டும் என்பதற்காகவே மெல்லிசாகச் செய்யப்பட்ட ஆணி. அடிக்கடி முறிகிறதே என்று ஒரு முறை தடித்த ஆணியைப் போட்டிருக்கிறார். அடுத்த தடவை ஆணி முறியவில்லை, பற்சக்கரப் பெட்டியே உடைந்துவிட்டது! தொந்தரவு என்று நாம் நினைக்கும் சின்னச் சாமான்தான் பெரிய நட்டத்தைத் தடுக்கிறது. மூடியும் அப்படித்தான்.

மறுநாள் காலை அண்ணனும் தம்பியும் வெல்டிங் கடைக்குப் போய், கம்பி வலையில் ஒரு மூடி செய்வித்துக்கொண்டு வந்தார்கள். லீவில் வந்த மனிதர் நிலாவெளிக்கும் போகவில்லை, கன்னியா வெந்நீர் ஊற்றுக்கும் போகவில்லை. இரண்டு நாளை அந்த மூடிக்கே கொடுத்தார்.

அஸருக்குப் பின் காற்றாடி ஓடியது. தம்பி சால்வையைக் கழற்றி வேலியில் போட்டுவிட்டு வந்தார். பிள்ளைகள் தூரத்தில் நிறுத்தப்பட்டார்கள். மாமா மூன்று விரல் கையை உயர்த்திக் காற்று வரும் திசையைப் பார்த்து, "இந்தப் பக்கம் திருப்புங்க" என்றார். பதர் குடாவின் பக்கம் பறந்தது. நெல் அவர் காலடியில் குவிந்தது.

வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் சொக்லேட்டும் சவர்க்காரமும் கொண்டு வருவார்கள். மச்சான் இந்தத் தடவை விட்டுச் சென்றது ஒரு கம்பி மூடி. வாசகர்களே, உங்கள் வீட்டு மெசினிலும் எங்காவது ஒரு மூடி கழன்று கிடக்கும். மாவரைக்கும் மெசினாக இருக்கலாம், தண்ணீர்ப் பம்பியாக இருக்கலாம். இன்றே தேடி எடுத்துப் பூட்டிவிடுங்கள்.