அரிக்கமேட்டுக்கு ஒரு நாள்... கூடவே வீட்டுச் சாப்பாடு!

"பாண்டிச்சேரியா? அங்கே பாட்டில் மலிவாச்சே!"

வெளியூர்க் கல்யாணங்களில் யாராவது இப்படிச் சொல்லிச் சிரிக்கும்போது எனக்குச் சுருக்கென்று இருக்கும். பிறந்ததும் இந்த ஊர். வாழ்க்கைப்பட்டதும் இதே முதலியார்பேட்டை. அழகான கடற்கரை, மணக்குள விநாயகர் கோயில், பாரதியார் வாழ்ந்த வீடு என்று எத்தனை இருந்து என்ன? பேர் என்னவோ பாட்டிலுக்குத்தான்!

எனக்கு அந்தப் பேச்சு பிடிக்காததற்கு வேறு காரணமும் உண்டு. என் அப்பா மில் தொழிலாளி. சம்பள நாளன்று அம்மா எங்களையும் கூட்டிக்கொண்டு மில் வாசலில் போய் நிற்பாள். சாராயக்கடைக்குப் போவதற்கு முன்னால் அப்பாவின் கையிலிருந்து அரிசிக்காவது பணம் வாங்கிவிட வேண்டுமே! எங்கள் தெருவில் பல பெண்கள் அப்படித்தான் நிற்பார்கள். அப்பா 52 வயதில் கல்லீரல் கெட்டுப் போய்ச் சேர்ந்தார். அதனால் மது என்ற வார்த்தையைக் கேட்டாலே எனக்கு அம்மாவின் முகம்தான் நினைவுக்கு வரும்.

போன தை மாதம் பிரான்ஸிலிருந்து என் நாத்தனார் மகள் வந்திருந்தாள். அவள் இத்தாலிக்குச் சுற்றுலா போய்வந்த கதையைச் சொன்னாள். காலையில் பஸ்ஸில் ஏற்றி, பாம்பெய் என்ற பழைய ரோமானிய நகரத்தின் இடிபாடுகளைச் சுற்றிக் காட்டுவார்களாம். கி.பி. 79-ல் வெசூவியஸ் எரிமலை வெடித்துச் சாம்பலில் புதைந்த ஊர் அது. மத்தியானம் அதே மலையடிவாரத்தில் ஒரு திராட்சைத் தோட்டத்தில் சாப்பாடு. கூடவே அங்கேயே தயாரித்த ஒயின். ஒரே நாளில் எல்லாம் முடிந்து திரும்பிவிடலாமாம்.

"உங்க ஊர்ல இப்படி ஏதாச்சும் இருக்கா அத்தை?" என்றாள்.

"ரோமாபுரி மதுஜாடியே நம்ம ஊர்ல இருக்குடீ! சாப்பாடு மட்டும் என் கையால" என்றேன். மறுநாளே கிளம்பிவிட்டோம்.

மேட்டைப் பார்க்கப் போனோம்

அரிக்கமேடு புதுச்சேரி நகரிலிருந்து தெற்கே சுமார் 4 கிலோமீட்டர். எங்கள் வீட்டிலிருந்து அதைவிடக் கிட்டம். கடலூர் சாலையில் போய், அரியாங்குப்பம் பாலத்தைத் தாண்டி, வீராம்பட்டினம் போகும் பக்கமாக இடதுபுறம் திரும்ப வேண்டும். காக்காயன்தோப்பை ஒட்டி, ஆற்றங்கரையில் மாமரமும் தென்னையுமாக ஒரு தோப்பு. அதுதான் அரிக்கமேடு.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாம்பெய் மாதிரி தெருவும் வீடும் தூணும் இருக்கும் என்று நினைத்துப் போனால் ஏமாற்றம்தான். தோண்டிய குழிகளைத் திரும்ப மூடிவிட்டார்கள். கண்ணுக்குத் தெரிகிற பெரிய செங்கல் சுவரும் ரோமானியர் காலத்தது அல்ல. 18-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுப் பாதிரிமார்கள் கட்டிய கட்டடத்தின் மிச்சம். அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு, "ரோமானியர் கோட்டை பார்த்தோம்" என்று சொல்லிப் போகிறவர்கள் நிறைய!

நிஜமான ஊர் நம் காலுக்குக் கீழே இருக்கிறது. கதை தெரிந்து போனால்தான் அந்த மண் பேசும். ஆகவே கதையைச் சொல்கிறேன்.

வானம் பார்க்க வந்தவர்

லெ ஜாந்தீல் என்று ஒரு பிரெஞ்சு வானியல் அறிஞர். சூரியனை வெள்ளிக் கிரகம் கடப்பதைப் பார்ப்பதற்கென்றே கப்பலேறி வந்தவர். 1761-ல் பாண்டிச்சேரி ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டதால் இறங்க முடியாமல், நடுக்கடலில் அந்த வாய்ப்பை விட்டார். 8 வருஷம் காத்திருந்து 1769-ல் இங்கேயே தயாராக உட்கார்ந்திருந்தால், அன்றைக்குப் பார்த்து மேகம் மூடிவிட்டது! பாவம், வானத்தில் பார்க்க வந்ததைப் பார்க்கவில்லை. ஆனால் இங்கே தங்கியிருந்த காலத்தில், ஆற்றங்கரையில் ஜனங்கள் பெரிய பெரிய பழங்காலச் செங்கற்களைப் பெயர்த்து எடுப்பதைக் கண்டு எழுதிவைத்தார்.

அப்புறம் 1937-ல் ஜூவோ துப்ரேய் என்ற பிரெஞ்சுப் பேராசிரியரிடம் அந்தப் பக்கத்துக் குழந்தைகள் மணிகளையும் கற்களையும் கொண்டுவந்து கொடுத்தார்கள். அங்கே கிடைத்த ஒரு கல்லில் ஆண் முகம் ஒன்று செதுக்கியிருந்தது. அது ரோமச் சக்கரவர்த்தி அகஸ்டஸின் முகம் என்று அவர் சொன்னார். மண்ணில் விளையாடிய பிள்ளைகளால் ஊருக்கு வந்த பெருமையைப் பாருங்கள்!

1944-ல் இந்தியத் தொல்லியல் துறையின் தலைவராக வந்த மார்ட்டிமர் வீலர், சென்னை அருங்காட்சியகத்தின் அலமாரியில் கிடந்த ஒரு ஜாடியின் கழுத்துத் துண்டைப் பார்த்ததும் ரோமானியர் ஜாடி என்று கண்டுகொண்டார். 1945-ல் இங்கே தோண்டினார். இத்தாலியின் அரெஸ்ஸோ ஊரில் செய்த பளபளப்பான சிவப்பு மண்பாண்டத் துண்டுகளும், மதுஜாடித் துண்டுகளும் கிடைத்தன. ஆற்றோரமாக ஒரு பெரிய கிடங்கின் சுவர்கள்; வடக்குப் பக்கம் செங்கல் தொட்டிகள். துணிக்குச் சாயம் ஏற்றிய தொட்டிகளாக இருக்கலாம் என்பது அவர் அபிப்பிராயம். பிறகு 1947 முதல் 1950 வரை கஸால் என்ற பிரெஞ்சுக்காரர் தோண்டினார்.

ஆனால் எனக்கு மிகவும் பிடித்தது இதற்கு அடுத்த அத்தியாயம். 1989 முதல் 1992 வரை இங்கே ஆய்வு நடத்தியவர் ஒரு பெண்மணி, விமலா பெக்லி. சென்னைப் பல்கலைக்கழகத்தின் கே.வி. ராமனுடன் சேர்ந்து செய்தார். ரோமானியர் வந்த பிறகுதான் இது ஊரானது என்ற எண்ணத்தை அவர் மாற்றினார். அவர்களுடைய ஜாடிகள் வருவதற்கு முன்பே இங்கே நம் ஜனங்கள் குடியிருந்தார்கள். அந்த வியாபாரம் குறைந்த பிறகும் இருந்தார்கள். தமிழ் பிராமி எழுத்து கீறிய ஓடுகளும் கிடைத்திருக்கின்றன.

ஜாடியில் என்ன இருந்தது?

அந்த ஜாடிக்கு ஆம்போரா என்று பேர். இரண்டு பக்கமும் கைப்பிடி, நீளமான உடம்பு, அடியில் கூர்மை. பிரிமணை இல்லாமல் தரையில் நிற்காது! கப்பலில் ஒன்றோடொன்று சாய்த்து அடுக்க அதுதான் சௌகரியம். ஒழுகாமல் இருக்க உள்ளே மரப்பிசின் பூசுவார்கள். ரோமானியர் அதே பேரில் ஒரு முகத்தல் அளவையும் வைத்திருந்தார்கள்; சுமார் 26 லிட்டர்.

அரிக்கமேட்டு ஜாடிகளை எலிசபெத் லைடிங் வில் என்ற அமெரிக்க அறிஞர் ஆராய்ந்தார். இவரும் பெண்மணிதான். கிரேக்கத் தீவான காஸ் பகுதி மதுவுக்குரிய ஜாடி வகைதான் அதிகம் என்றார். அந்த மதுவில் கடல்தண்ணீரைக் கலப்பார்களாம்! கேட்டதும் நாத்தனார் மகள் முகம் சுளித்தாள்.

எல்லா ஜாடியிலும் மதுதான் என்று நினைக்காதீர்கள். சிலவற்றில் ஆலிவ் எண்ணெய் வந்தது. சிலவற்றில் கரும் என்ற மீன் சாறு. மீனை உப்புப் போட்டு, வெயிலில் வைத்து ஊறவிட்டு எடுக்கும் சாறு அது. "கருவாட்டுக்கு ஒண்ணுவிட்ட தங்கச்சின்னு சொல்லு!" என்றார் எங்கள் வீட்டுக்காரர்.

யவனர் கொண்டுவந்த மணமுள்ள மதுவைப் பற்றி நக்கீரர் புறநானூற்றில் பாடியிருக்கிறார். வளையணிந்த பெண்கள் பொற்கிண்ணத்தில் ஊற்றிக் கொடுக்க, பாண்டியன் நன்மாறன் குடித்து மகிழட்டும் என்பது பாட்டின் கருத்து. எனக்கு என்னவோ அந்தப் பெண்களின் பக்கம்தான் மனசு போகிறது. அவர்களுடைய வீட்டில் யார் யார் குடித்தார்களோ!

வந்தது மது, போனது கைவேலை

இந்த ஜாடிகள் சும்மா வந்துவிடவில்லையே? பதிலுக்கு இங்கிருந்து என்ன போனது? துணியும் மணியும் போயின.

அரிக்கமேட்டின் கண்ணாடி மணி உலகப் பிரசித்தம். உருகிய கண்ணாடியை உள்ளே துளை உள்ள மெல்லிய குழாயாக நீளமாக இழுத்து, கடுகு கடுகாக நறுக்கிச் செய்வது. இந்த வகை மணி கீழ்த்திசை நாடுகளிலும் ஆப்பிரிக்காவிலும் கிடைக்கிறது. அதைச் செய்த மிகப் பழைய இடங்களில் நம் அரிக்கமேடு ஒன்று. ஆந்திராவின் பாப்பாநாயுடுபேட்டையில் அதே முறையில் மணி செய்யும் தொழில் நம் காலம்வரை வந்திருக்கிறது.

ரோமில் பிளினி என்ற எழுத்தாளர், இந்தியாவுக்கும் சீனாவுக்கும் அரேபியாவுக்கும் வருஷத்துக்கு 10 கோடி செஸ்டர்ஸ் காசு போகிறது, எல்லாம் நம் சொகுசுக்கும் பெண்களுக்கும்தான் என்று அலுத்துக்கொண்டார். எந்த நாடானால் என்ன, பழி நம் மேல்தான்! அந்தப் பிளினி இறந்ததும் பாம்பெய்யை அழித்த அதே எரிமலை வெடிப்பில்தான். அந்தப் பாம்பெய்யில் 1938-ல் ஒரு வீட்டைத் தோண்டியபோது இந்திய யானைத்தந்தத்தில் செதுக்கிய ஒரு பெண் சிலை கிடைத்தது. கழுத்திலும் கையிலும் காலிலும் நம் நகைகள். அவர்கள் ஜாடி நம் மண்ணில். நம் நாட்டுப் பெண் அவர்கள் மண்ணில்!

இதைக் கேட்டபோது எனக்கு எங்கள் பேட்டைதான் ஞாபகம் வந்தது. 1898-ல் தொடங்கிய ஆங்கிலோ பிரெஞ்சு டெக்ஸ்டைல்ஸ், எங்கள் வாயில் ரோடியர் மில், இங்கேதான் இருந்தது. இங்கே நெய்த துணி கப்பலேறி வெளிநாடு போனது. 2020-ல் அதை மூடிவிட்டார்கள். 2000 வருஷம் முன்பும் சரி, எங்கள் தாத்தா காலத்திலும் சரி, இந்த ஊர் பிழைத்தது கைவேலையால், பாட்டிலால் அல்ல. என் அப்பாவைக்கூட இனிமேல் அப்படித்தான் நினைக்க ஆசை. குடித்தவர் என்பது மட்டுமா? நல்ல துணி நெய்தவரும்கூட.

எங்கள் விருந்து

வெயில் ஏறுமுன் கிளம்பி, மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிட்டோம். காலையிலேயே வைத்துவிட்டுப் போன சங்கரா மீன் குழம்பு, சோறு, கத்தரிக்காய் வறுவல், ரசம், மோர். மீன் குழம்பு ஊற ஊறத்தானே ருசி!

ஒயினுக்குப் பதில் பன்னீர் திராட்சை ரசம். செய்முறை சுலபம். அரைக் கிலோ கறுப்புப் பன்னீர் திராட்சையை உப்புத் தண்ணீரில் அலசி, நல்ல தண்ணீரில் இரண்டு முறை கழுவுங்கள். 2 டம்ளர் தண்ணீர் விட்டு, தோல் வெடிக்கும்வரை வேகவையுங்கள். ஆறியபின் மசித்து வடிகட்டி, 4 மேஜைக்கரண்டி சர்க்கரை, அரை மூடி எலுமிச்சம்பழச் சாறு, ஒரு சிட்டிகை சுக்குத்தூள் சேர்த்தால் தீர்ந்தது. அன்றைக்கே குடித்துவிட வேண்டும். சர்க்கரை நோய்க்காரர்கள் இதைத் தவிர்த்து மோர் குடிக்கலாம்.

ஒரு வாய் குடித்துவிட்டு, "அந்த ஒயினைவிட இது நல்லாருக்கு அத்தை" என்றாள் மருமகள். உபசாரத்துக்குச் சொன்னாளோ என்னவோ, அம்மா இருந்து கேட்டிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பாள்.

சாயங்காலம் பாரதி பூங்கா பக்கத்தில் இருக்கும் புதுச்சேரி அருங்காட்சியகத்துக்குப் போனோம். அரிக்கமேட்டில் கிடைத்த மணிகளையும் ஜாடித் துண்டுகளையும் அங்கேதான் பார்க்க வேண்டும். மேட்டில் காதால் கேட்டதை இங்கே கண்ணால் பார்த்தபோது இரண்டும் பொருந்தின.

போகிறவர்கள் கவனத்துக்கு

* தை, மாசி மாதங்கள் நல்லவை. ஐப்பசி, கார்த்திகையில் சேறு. கோடையில் காலை 9 மணிக்கே வெயில் தாங்காது.
* கடலூர் சாலை பஸ்ஸில் அரியாங்குப்பத்தில் இறங்கி ஆட்டோ பிடிக்கலாம்.
* குடிதண்ணீரும் குழந்தைகளுக்குத் தின்பண்டமும் கையோடு கொண்டு போங்கள். கழிப்பறை வசதியை எதிர்பார்க்காமல் வீட்டிலேயே முடித்துக்கொண்டு கிளம்புவது நல்லது.
* முள் இருக்கும், செருப்பு அவசியம். பருத்திப் புடவையும் குடையும் போதும்.
* அருங்காட்சியகத்துக்குத் திங்கட்கிழமை விடுமுறை.
* மணியோ ஓடோ கண்ணில் பட்டால் எடுத்து முடிந்துகொள்ளாதீர்கள். பாதுகாக்கப்பட்ட இடம், எடுத்துப் போவது சட்டப்படி குற்றம்.

இந்தக் கடைசி விஷயத்தை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். ஆறு கரையை அரித்துக் கொஞ்சம் கொண்டுபோனது. செங்கல்லுக்காக மனிதர்கள் கொஞ்சம் கொண்டுபோனார்கள். மிச்சம் இருப்பதையாவது நம் பிள்ளைகள் பார்க்கட்டும். பாண்டிச்சேரிக்கு வருகிறவர்கள் ஒரு காலை வேளையை அரிக்கமேட்டுக்கு ஒதுக்குங்கள். உள்ளூர்ச் சகோதரிகளுக்கோ சாக்கே வேண்டாம், கூப்பிடு தூரம்தானே! அடுத்த தடவை யாராவது பாட்டிலைச் சொல்லிச் சிரித்தால், மணி செய்த கைகளின் கதையை நம் பிள்ளைகளே எடுத்துச் சொல்வார்கள்.