அங்கியும் மனுவும்

"இறையியல் படித்துவிட்டு கலெக்டர் ஆபீஸ் வாசலில் என்ன செய்கிறீர்கள்?" போன மாதம் ஒரு முற்றுகைப் போராட்டத்தில் சட்டக் கல்லூரி மாணவி ஒருவர் எங்களிடம் கேட்டார். இதே கேள்வியைத் திருப்பிப் போட்டு சபைப் பெரியவர்கள் எங்களிடம் பலமுறை கேட்டிருக்கிறார்கள். "ஊழியத்துக்கு வந்த பிள்ளைங்க, உங்களுக்கு எதுக்குப்பா அரசியல்?" இரு பக்கமும் எங்களைச் சந்தேகத்தோடுதான் பார்க்கிறது. இரு பக்கத்துக்கும் சேர்த்து ஒரே பதிலாக இதை எழுதுகிறோம்.

நாங்கள் ஆறு பேர், ஒரே வகுப்பில் பி.டி. படித்தவர்கள். செராம்பூர் பல்கலைக்கழகம் தரும் இறையியல் பட்டம் அது. டென்மார்க் அரசர் 1827-இல் கொடுத்த சாசனத்தின் வழியாக வந்த பட்டம் என்று முதல் நாளே பெருமையாகச் சொன்னார்கள். கிரேக்கம், எபிரேயம், திருச்சபை வரலாறு, பிரசங்கக் கலை ஆகியவற்றோடு சமூக ஆய்வும் தலித் இறையியலும் பாடங்களாக இருந்தன. ஆறு பேரும் சேரியில் பிறந்தவர்கள். எங்கள் ஊர்களில் போதகரை "ஐயர்" என்றுதான் கூப்பிடுவார்கள். சேரிப் பிள்ளை படித்துவிட்டு வந்து "ஐயர்" ஆவதில் எங்கள் பெற்றோருக்கு இருந்த சந்தோஷத்தை நாங்கள் கேலி செய்ய மாட்டோம். ஆனால் அந்தச் சொல்லுக்குள் உட்கார்ந்திருக்கும் சாதியை எங்களுக்குக் காட்டியது வகுப்பறைதான்.

1981-இல் பெங்களூரு ஐக்கிய இறையியல் கல்லூரியில் அரவிந்த் நிர்மல் ஆற்றிய உரையிலிருந்துதான் தலித் இறையியலின் கதையைப் பொதுவாகத் தொடங்குவார்கள். அதுவரை இந்திய இறையியல் என்றால் வேதாந்தத்தோடு உரையாடுவது என்றே பொருள். பிராமணத் தத்துவத்துக்குக் கிறிஸ்துவை எப்படி விளங்க வைப்பது என்பதுதான் கவலை. சபைகளில் பெரும்பான்மையாக உட்கார்ந்திருந்தவர்கள் யார் என்று யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. நிர்மல் எண்ணினார். அடிமைத்தனத்திலிருந்து வெளியேறிய மக்கள் தங்கள் முன்னோரின் கதையை அறிக்கையிடும் உபாகமம் 26-ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொண்டு, "எங்கள் முன்னோர் யார்?" என்ற கேள்வியைத் தலித்துகளின் வாயில் வைத்தார்.

அமெரிக்காவில் ஜேம்ஸ் கோன் இதற்கு முன்பே இந்த வேலையைத் தொடங்கியிருந்தார். 1967 டெட்ராய்ட் எழுச்சிக்குப் பிறகு, 1969-இல் அவருடைய முதல் கறுப்பு இறையியல் நூல் வந்தது. மார்ட்டின் லூதர் கிங்கும் முறையாக இறையியல் படித்தவர்தான். 1955-இல் முனைவர் பட்டம் வாங்கினார், அதே ஆண்டு டிசம்பரில் மாண்ட்கோமரி பேருந்துப் புறக்கணிப்பு தொடங்கியது. படிப்பும் போராட்டமும் ஒரே மனிதரில் சேர முடியும் என்பதற்கு எங்களுக்கு அவரே போதுமான சாட்சியாக இருந்தார்.

ஆனால் நாங்கள் சொல்ல வந்தது வேறு. மூன்றாம் ஆண்டில் எங்களைக் களப்பணிக்கு ஒரு கிராமத்துக்கு அனுப்பினார்கள். வாடகை வீடு, வாரம் இரண்டு மாலை டியூஷன், ஞாயிறு ஆராதனை. நான்காவது மாதம் சேரியில் ஒரு பாட்டி இறந்தார். கல்லறைத் தோட்டத்துக்கு நேர்வழி ஊர்த்தெரு வழியாகப் போகிறது, சேரிப் பிணத்துக்கு மட்டும் கண்மாய்க்கரை. அன்று மழை பெய்து கரை சகதியாகக் கிடந்தது. பேரன்கள் இருவர் பாடையைத் தெருவுக்குத் திருப்பினார்கள். கம்போடு வந்தவர்கள் அந்த இருவரையும் அடித்தார்கள். அடித்தவர்களில் சிலர் எங்கள் சபையிலேயே முன்வரிசையில் உட்காருகிறவர்கள்.

அரசு மருத்துவமனை வராந்தாவில் நாங்கள் ஜெபிக்கத் தொடங்கினோம். மூத்த பேரனின் அம்மா எங்கள் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"தம்பி, ஜெபத்தை ராத்திரிக்குப் பண்ணிக்கலாம். இப்ப ஸ்டேஷனுக்கு ஒரு மனு எழுதுங்க."

எங்களுக்கு எழுதத் தெரியவில்லை. ஆமோஸ் தீர்க்கதரிசியின் நீதிக்குரல் பற்றி இருபது பக்கம் எழுதி மதிப்பெண் வாங்கியவர்கள் நாங்கள். வன்கொடுமை மனுவில் அடித்தவர், அடிபட்டவர் இருதரப்பின் சாதியையும் குறிப்பிட வேண்டும், நேரமும் இடமும் வேண்டும், திட்டிய வார்த்தைகளை நாகரிகம் பார்க்காமல் அப்படியே எழுத வேண்டும், சாட்சிகளின் பெயர் வேண்டும் என்பது எதுவும் எங்களுக்குத் தெரியாது. "இழிவாகப் பேசினார்கள்" என்று நாகரிகமாக எழுதினோம். பக்கத்துப் படுக்கையில் காலில் கட்டோடு கிடந்த ஒரு கட்சித் தோழர்தான் வாங்கிப் படித்துவிட்டு, கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி சொல்லச் சொல்ல எழுத வைத்தார்.

ஸ்டேஷனில் அடுத்த பாடம் காத்திருந்தது. அடிபட்ட இருவரும் அண்ணன் தம்பி மக்கள். ஒருவரின் சாதிச் சான்றிதழில் இந்து ஆதிதிராவிடர் என்று இருந்தது. இன்னொருவர் உண்மையை எழுதியிருந்தார், கிறித்தவர் என்று. தமிழ்நாட்டில் மதம் மாறிய ஆதிதிராவிடர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார். முதலாமவரின் புகார் 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் பதிவாகி டி.எஸ்.பி. விசாரணைக்குப் போனது. இரண்டாமவருக்கு 294(பி), 323, 506 என்ற வழக்கமான பிரிவுகள்தான். ஒரே பாட்டி, ஒரே பாடை, ஒரே கம்பு. சட்டம் மட்டும் இரண்டு.

இது அந்த இன்ஸ்பெக்டரின் குணக்கேடு மட்டும் அல்ல. 1950-ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி, இந்து அல்லாதவர் பட்டியல் சாதியினர் ஆக மாட்டார் என்கிறது. 1956-இல் சீக்கியருக்கும் 1990-இல் பௌத்தருக்கும் அது திருத்தப்பட்டது. கிறித்தவருக்கும் இஸ்லாமியருக்கும் இன்றுவரை இல்லை. சென்னையில் தெருவோரம் செருப்புத் தைத்த சூசை என்ற தொழிலாளி, மற்றவர்களுக்குக் கொடுத்த பெட்டிக்கடை தனக்கு மட்டும் கிறித்தவர் என்பதால் மறுக்கப்பட்டது என்று உச்ச நீதிமன்றம் வரை போனார். மதம் மாறிய பிறகும் அதே அளவு இழிவு தொடர்கிறது என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று 1985-இல் அவர் மனு தள்ளுபடியானது. 2007-இல் அரசிடம் அளிக்கப்பட்ட ரங்கநாத் மிஸ்ரா ஆணைய அறிக்கை இந்தப் பாகுபாட்டை நீக்கச் சொன்னது. 2022-இல் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னோர் ஆணையம் வந்தது. ஆணையங்கள் வருகின்றன, ஞானஸ்நானப் பெயர் ஒன்றும் சான்றிதழ்ப் பெயர் ஒன்றுமாக எங்கள் பிள்ளைகள் வளர்கிறார்கள்.

சூசையிடம் கேட்ட ஆதாரம் எங்கே இருக்கிறது? எங்கள் கல்லறைகளில் இருக்கிறது. திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் தலித் பிணங்களைப் பிரிக்கும் சுவரில் இருக்கிறது. சபைக்குள் சாதி இல்லை என்று மேடையில் பேசுகிற ஒவ்வொருவரும் நமக்கு எதிரான அந்தத் தீர்ப்புக்கு ஒரு சாட்சி சேர்க்கிறார் என்பதை மாணவத் தோழர்கள் புரிந்துகொள்ள வேண்டும். சபையின் சாதியை அம்பலப்படுத்துவது சபைக்குத் துரோகம் இல்லை, உரிமை கேட்பதற்கான முதல் படி.

மறுவாரம் சபையின் மூத்த போதகர் வந்து மன்னிக்கச் சொன்னார். அந்த அம்மா ஒன்றே ஒன்று கேட்டார்: "மன்னிப்புக் கேட்டவன் யாரு ஐயரே?" நான்கு ஆண்டு படிப்பில் எங்களுக்குக் கிடைத்த மிகச் சரியான இறையியல் கேள்வி அது. கேட்காத மன்னிப்பைக் கொடுக்கச் சொல்வது அடித்தவனுக்குச் செய்யும் ஊழியம். எங்கள் ஆய்வுக் கட்டுரையை அந்தக் கேள்வியில்தான் தொடங்கினோம்.

வழக்குகள் என்ன ஆயின? ஒன்று சமரசத்தில் முடிந்தது. இன்னொன்றில் 60 நாளில் வர வேண்டிய குற்றப்பத்திரிகை ஏழாம் மாதம் வந்தது. பாதை மட்டும் திறந்தது. வருவாய்த் துறைப் பதிவேட்டில் அது பொதுப்பாதை என்று இருந்ததைத் தேடி எடுத்தோம். தாசில்தார் அலுவலகத்துக்கு எத்தனை முறை நடந்தோம் என்று கணக்கு வைக்கவில்லை.

அப்படியானால் இறையியல் படித்தது வீணா? இல்லை. தொண்டு நிறுவனங்கள் திட்டக்காலம் முடிந்ததும் கிளம்பிவிடும். கட்சி தேர்தலுக்கு வரும். பிறப்புக்கும் கல்யாணத்துக்கும் சாவுக்கும் வீட்டுக்குள் வருகிறவர் போதகர். வாரம் தவறாமல் ஊரே ஒரு இடத்தில் கூடுகிற அமைப்பு வேறு எந்த இயக்கத்திடம் இருக்கிறது? மதுரை இறையியல் கல்லூரியில் ஆசிரியராக இருந்த தியோபிலஸ் அப்பாவு, "பறட்டை" என்ற பெயரில் அந்தக் கூட்டத்துக்குப் பறையையும் நாட்டுப்புற மெட்டையும் கொண்டுவந்தார். எல்லாரும் ஒரே உலையில் பொங்கி உண்பதை நற்கருணையின் பொருளாகச் சொன்னார். தனி டம்ளரைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு அந்த ஒரு கருத்து பத்து கருத்தரங்குக்குச் சமம்.

ஆபத்தையும் சொல்லிவிடுகிறோம். குருப்பட்டம், சம்பளம், இடமாற்றம் மூன்றும் திருமண்டலத்தின் கையில் இருக்கின்றன. ஆறு பேரில் மூன்று பேர்தான் அங்கி அணிந்திருக்கிறார்கள். அதில் ஒருவர் இப்போது மேடைகளில் பேசுவதில்லை. பிள்ளைகள் படிக்கிறார்கள், தண்ணி இல்லாத காட்டுக்கு மாற்றிவிடுவார்கள் என்ற பயம். அவரை நாங்கள் தூற்றுவதில்லை. ஏதாவது ஊரில் தாக்குதல் நடந்தால் எங்களுக்கு முதல் போன் அவரிடமிருந்துதான் வருகிறது.

இந்தப் படிப்பை யோசிக்கும் தம்பி தங்கைகளுக்கு மூன்றே வார்த்தை. முதலில் சட்டமோ சமூகப்பணியோ ஒரு பட்டம் கையில் வைத்துக்கொண்டு வாருங்கள், திருமண்டலம் கைவிட்டாலும் அது சோறு போடும். வேதாகமத்துக்குப் பக்கத்தில் அம்பேத்கரை வையுங்கள். மதம் மாறிய நம் மக்கள் ஏன் தங்கள் உரிமைக்குப் போராடவில்லை என்று அவர் கேட்டதற்கு நாம் இன்னும் பதில் சொல்லி முடிக்கவில்லை. பிரசங்கம் எழுதப் பழகும் முன் மனு எழுதப் பழகுங்கள்.

அந்த அம்மா போன வருடம் இறந்தார். பாடை ஊர்த்தெரு வழியாகவே போனது. ராத்திரி நாங்கள் ஜெபித்தோம், அன்று அவர் தள்ளிவைக்கச் சொன்ன ஜெபத்தையும் சேர்த்து.

ஜெய்பீம்.