விஷப் பாம்பு வளர்க்கலாமா?

"வேலியில் போற ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதை" என்று பெரியவர்கள் சொல்வார்கள். ஓணானுக்கே இந்தப் பேச்சு என்றால், நல்ல பாம்பைப் பிடித்து டப்பாவில் அடைத்து வளர்க்க ஆசைப்படுபவரை என்ன சொல்வது?

பெரிய காஞ்சிபுரத்தில் பாம்புக்கு மரியாதை உண்டு. ஏகாம்பரநாதர் குடியிருக்கும் ஊர், சிவன் கழுத்திலேயே பாம்பு. அரச மரத்தடி நாகர் சிலைக்கு மஞ்சள், குங்குமம், பால். அதுவே உயிரோடு தெருவுக்கு வந்தால் தடியடி! கும்பிடுபவர், அடிப்பவர் போக மூன்றாவது ரகம் ஒன்று உண்டு. பாம்பைக் கையில் பிடித்துப் படம் எடுத்து, அதை வீட்டிலேயே வைத்துக்கொள்ள நினைப்பவர்கள். இவர்களுக்கு அது வீரம்.

முதலில் சட்டம். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நல்ல பாம்பையோ கண்ணாடி விரியனையோ பிடித்து வீட்டில் வைப்பது குற்றம்.

அப்படியானால் விஷப் பாம்பை யாருமே வைத்திருப்பதில்லையா? இருக்கிறார்கள், அதுவும் பக்கத்திலேயே. மாமல்லபுரம் போகும் வழியில் உள்ள வடநெம்மேலி 2019 வரை காஞ்சிபுரம் மாவட்டம்தான், இப்போது செங்கல்பட்டு மாவட்டம். அங்கே முதலைப் பண்ணை வளாகத்தில் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம் இயங்குகிறது. 1970களில் பாம்புத் தோல் வியாபாரம் தடை செய்யப்பட்டதும் இருளர்களின் பிழைப்பு போனது. ராமுலஸ் விட்டேக்கர் துணையோடு 1978ல் இந்தச் சங்கம் தொடங்கியது.

அவர்கள் வைத்திருப்பது நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். எத்தனை பிடிக்கலாம் என்பதற்கு வனத்துறை அனுமதி வேண்டும். வந்த பாம்புக்குக் கணக்கு எழுதி, மண்பானையில் விட்டு, வாயைத் துணியால் கட்டி வைப்பார்கள். வாரம் ஒரு முறை விஷம் எடுப்பார்கள். நாலு முறை எடுத்ததும், அதே பாம்பை மறுபடி பிடிக்காமலிருக்க வயிற்றுச் செதிலில் அடையாளம் வைத்துக் காட்டில் விட்டுவிடுவார்கள். தலைமுறை தலைமுறையாகப் பாம்பை அறிந்தவர்கள்! 2023ல் பத்மஸ்ரீ பெற்ற வடிவேல் கோபாலும் மாசி சடையனும் இருளர்கள்தான். அவர்களே ஒரு பாம்பை ஒரு மாதத்துக்கு மேல் வைத்திருப்பதில்லை.

அந்த விஷத்தைச் சிறுகச் சிறுகக் குதிரைக்கு ஏற்றி, அதன் ரத்தத்திலிருந்துதான் விஷமுறிவு மருந்து தயாராகிறது. ஆனால் அந்த மருந்து மேலே சொன்ன நாலு பாம்புகளுக்கு மட்டுமே. ராஜநாகத்துக்குக்கூட அது கேட்காது. வெளிநாட்டு விஷப் பாம்பைத் திருட்டுத்தனமாக வாங்கி வளர்த்தால், கடித்த பிறகு எந்த ஆஸ்பத்திரிக்கு ஓடுவது?

"கடித்தால் என் உயிர்தானே போகும்" என்று சிலர் சொல்லலாம். அங்கேதான் தவறு. நெசவாளர் தெருவில் ஒரு வீட்டுச் சுவர்தான் அடுத்த வீட்டுக்கும் சுவர். டப்பா மூடி சரியாக மூடாமல் பாம்பு வெளியே வந்தால், இருட்டான, குளிர்ச்சியான இடம் தேடிப் போகும். தறிக்குழியை விட அதற்கு வசதியான இடம் எது? விடியற்காலையில் அந்தக் குழிக்குள் காலை விட்டு உட்காரப் போகிறவர் பாம்பு வளர்த்தவர் அல்ல, பக்கத்து வீட்டுக்காரர். பிரிட்டனில் 1976ஆம் ஆண்டுச் சட்டப்படி விஷப் பாம்பு வளர்க்க உரிமம் வேண்டும். அடுத்தவருக்குக் கேடு வந்தால் ஈடுகட்டக் காப்பீடும் எடுத்திருக்க வேண்டும். அங்கேயும் முதல் கவலை அடுத்த வீட்டுக்காரரைப் பற்றித்தான்.

இந்தியாவில் பாம்புக் கடியால் ஆண்டுக்குச் சுமார் 58,000 பேர் இறப்பதாக 2020ல் வெளிவந்த ஆய்வு சொல்கிறது. இதில் வேடிக்கைக்கு இடமில்லை.

பாம்பைப் பிடிக்கத் தெரிவது திறமை. எதற்காக, எத்தனை நாள் வைத்திருக்கிறோம், எப்போது திருப்பி விடுவோம் என்று கணக்குச் சொல்லத் தெரிவதுதான் பொறுப்பு. அந்தக் கணக்கு இல்லாதவர்கள் வீட்டுக்குள் பாம்பு வந்தால் தள்ளி நின்று தீயணைப்புத் துறைக்கு போன் செய்வதே நல்லது. பாம்பும் பிழைக்கும், பக்கத்து வீடும் பிழைக்கும்.